ரோமப் படையின் கழுகு: தொலைந்தால் யாருக்குத் தலைகுனிவு?

ரோமானியப் போர்வீரர்களை வைத்து எடுக்கப்படும் சாகசப் படங்களில் ஒரு கதை அடிக்கடி வரும். அப்பா இருந்த படை வடக்கே பனிமூட்டத்துக்குள் போய்த் தொலைந்துவிடும். கூடவே அதன் தங்கக் கழுகும் போய்விடும். ஊரார் அந்தக் குடும்பத்தின் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள். மகன் வளர்ந்து ஆளானதும், ஓர் அடிமையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு எல்லையைத் தாண்டிப் போவான். கழுகை மீட்டுக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பான். அப்பாவின் மேலிருந்த பழி தீர்ந்துவிடும்.

ஓர் உலோகப் பறவைக்கு இவ்வளவு அமர்க்களமா என்று முதல்முறை பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அமர்க்களம் மிகையில்லை, ரோமர்கள் நிஜமாகவே அப்படித்தான் இருந்தார்கள். ஆனால் கழுகு போனால் வரும் மானக்கேடும் குடும்பத்துக்கு வரும் மானக்கேடும் ரோமில் இரண்டு தனித்தனிக் கணக்குகள். கழுகை மீட்பது அரசின் வேலை, குடும்பப் பெயரைக் காப்பது வீட்டின் வேலை. படங்கள் இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டு, அதை அவிழ்க்கும் பொறுப்பை ஒரே இளைஞன் தலையில் கட்டிவிடுகின்றன. இரண்டும் உண்மையில் எப்படி நடந்தன என்று தெரிந்துகொண்டால் படத்தையும் இன்னும் ரசிக்கலாம்.

படையின் கணக்கு

அடிமட்டத்தில் எட்டுப் பேர். ஒரே கூடாரத்தில் படுப்பார்கள், சேர்ந்து சமைப்பார்கள், கூடாரத்தையும் திரிகையையும் சுமக்க ஒரு கோவேறு கழுதை இருக்கும். இப்படிப் பத்துக் கூடாரம் சேர்ந்தது ஒரு செஞ்சுரி. அதில் 100 பேர் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள், ஆனால் பேரரசுக் காலத்தில் 80 பேர்தான். அதற்குத் தலைவன் செஞ்சூரியன். தலைக்கவசத்தின் கொண்டை முன்பின்னாக இல்லாமல், காதிலிருந்து காதுக்குக் குறுக்காக நிற்பதை வைத்து அவனைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம்.

ஆறு செஞ்சுரி ஒரு கோஹார்ட், அதாவது 480 பேர். பத்துக் கோஹார்ட் ஒரு லீஜியன். கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதல் கோஹார்ட்டுக்கு மட்டும் பலம் அதிகம்: 160 பேர் கொண்ட ஐந்து செஞ்சுரிகள். இவர்களோடு 120 குதிரைவீரர்களையும் சேர்த்தால் 5,240 பேர் வரும். இது காகிதக் கணக்கு. நோய், விடுப்பு, வேறிடப் பணி எல்லாம் போக, களத்தில் நிற்பவர்கள் எப்போதும் குறைவு.

இத்தனை பேருக்கும் சேர்த்துக் கழுகு ஒன்றே ஒன்றுதான். அது முதல் கோஹார்ட்டின் பாதுகாப்பில் இருக்கும். படத்தில் கூட்டம் கூட்டமாகத் தெரியும் மற்றக் கம்பங்கள் வேறு. வட்டத் தகடுகள் கோத்த கம்பம் ஒவ்வொரு செஞ்சுரிக்கும் உண்டு. குறுக்குச் சட்டத்தில் துணி தொங்கினால், பெரும்பாலும் அது தாய்ப்படையிலிருந்து பிரிந்து தனிப்பணிக்குப் போகும் பிரிவின் கொடி. மன்னரின் தலையுருவம் தாங்கிய கம்பம் ஒன்றும் இருக்கும்.

லீஜியனில் சேர ரோமக் குடியுரிமை வேண்டும். அது இல்லாதவர்கள் துணைப்படைகளில் சேர்ந்து, 25 ஆண்டு உழைத்து, கடைசியில் குடியுரிமை வாங்குவார்கள். எல்லைப்புறச் சிறு கோட்டைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் இந்தத் துணைப்படையினர்தான். அவர்களுக்குக் கழுகு கிடையாது. ஐந்நூறு பேர் இருக்கும் மரக்கோட்டையின் வாசலில் தங்கக் கழுகு மின்னினால், படத்தின் கலை இயக்குநர் கொஞ்சம் தாராளமாக இருந்துவிட்டார் என்று அர்த்தம்.

அந்தப் பறவை எப்படி இருக்கும்

கழுகு மட்டுமே தலைமைச் சின்னம் என்று வைத்தவர் ரோமத் தளபதி காயஸ் மேரியஸ். கி.மு. 104இல், ரோமின் மிக உயர்ந்த பதவியான கான்சல் பதவியை அவர் இரண்டாம் முறை வகித்தபோது நடந்தது இது. அதற்கு முன் கழுகோடு ஓநாய், மனித உடலும் காளைத் தலையும் கொண்ட மினோடார், குதிரை, காட்டுப்பன்றி என்று இன்னும் நான்கு இருந்தன என்கிறார் ரோம எழுத்தாளர் பிளினி. மேரியஸ் அந்த நான்கையும் ஒதுக்கிவிட்டார்.

இன்றுவரை ஒரு லீஜியனின் கழுகுகூட அகழாய்வில் கிடைக்கவில்லை. கல்லறைச் சிற்பங்கள், காசுகள், எழுத்தாளர்களின் குறிப்புகள் ஆகியவற்றை வைத்துத்தான் அதன் உருவத்தைத் தெரிந்துகொள்கிறோம். இறக்கைகளை மேல்நோக்கித் தூக்கிய பறவை, வெள்ளி அல்லது பொன். கம்பத்தின் அடியில் கூரான முனை இருக்கும், தரையில் ஊன்றி நிறுத்துவதற்கு. முகாமில் அதற்கென்று ஒரு சிறு கோயில், முழுப்படையும் கிளம்பினால் ஒழிய அது வெளியே வராது என்று காஷியஸ் டியோ எழுதுகிறார்.

அளவைப் பற்றி ஒரு நல்ல துப்பு இருக்கிறது. கி.பி. 9இல் ஜெர்மானியக் காட்டில் மூன்று லீஜியன்கள் அழிந்தபோது, சின்னம் தாங்கிய ஒருவன் கழுகைக் கம்பத்திலிருந்து பிடுங்கி, இடுப்புப் பட்டைக்குள் செருகிக்கொண்டு, இரத்தம் தோய்ந்த சதுப்புக்குள் பதுங்கினான் என்று ஃபுளோரஸ் சொல்கிறார். கதை எவ்வளவு உண்மையோ, அதைப் படித்த ரோமர்களுக்கு அது நம்பும்படி இருந்திருக்க வேண்டும். அப்படியானால் கழுகு பட்டைக்குள் மறைக்கக்கூடிய அளவுதான். இரண்டு கையாலும் தூக்க முடியாமல் நாயகன் தள்ளாடும் காட்சிகள் திரைக்காக ஊதிப் பெரிதாக்கப்பட்டவை.

அதைச் சுமந்தவனை அக்விலிஃபர் என்பார்கள். செஞ்சூரியனுக்குக் கீழே, சாதாரண வீரனுக்கு வெகு மேலே உள்ள பதவி. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் கினேயஸ் மூசியஸ் என்பவரின் கல்லறைக்கல் இருக்கிறது. பதினான்காம் லீஜியனின் அக்விலிஃபர், வயது 32, பணி 15 ஆண்டு. மார்பில் பதக்கங்களும் கையில் கழுகுக் கம்பமுமாக நிற்கிறார். கல்லை வைத்தவர் அவருடைய சகோதரர் மார்க்கஸ் மூசியஸ், அவரும் படையில் செஞ்சூரியன். படைக் கௌரவமும் குடும்பக் கௌரவமும் நிஜத்தில் சேருகிற இடம் இப்படிப்பட்ட கல்தான். இந்த விஷயத்துக்குப் பின்னால் திரும்பி வருவோம்.

உயிரைக் கொடுக்கும் அளவுக்கு அதில் என்ன இருந்தது

பக்தி ஒரு காரணம். கழுகு ஜூப்பிட்டரின் பறவை. விழா நாட்களில் அதற்கு நறுமணத் தைலம் பூசுவார்கள். அதற்குப் பிறந்தநாள்கூட உண்டு: ஸ்பெயினில் இருந்த ஏழாம் லீஜியன் ஜூன் 10ஆம் தேதியைக் கழுகின் பிறந்தநாளாகக் கொண்டாடியதைச் சொல்லும் கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன.

அது அடைக்கலம் தரும் இடமாகவும் இருந்தது. கி.பி. 14இல் ரைன் கரையில் படை கலகம் செய்தபோது, ரோமின் ஆட்சி அவையான செனட்டின் தூதராக வந்த முனேஷியஸ் பிளாங்கஸை அடித்துக் கொல்ல ஒரு கும்பல் துரத்தியது. முன்னாள் கான்சலான அவர் ஓடிப்போய் முதல் லீஜியனின் கழுகையும் மற்றச் சின்னங்களையும் கட்டிப் பிடித்துக்கொண்டார். கல்பூர்னியஸ் என்ற அக்விலிஃபர் குறுக்கே நின்று தடுத்திராவிட்டால், ரோமத் தூதரின் இரத்தம் ரோம முகாமிலேயே தெய்வ பீடத்தில் சிந்தியிருக்கும் என்கிறார் டாசிட்டஸ். கலகக்காரனும் அந்த இடத்தில் கை ஓங்கத் தயங்கினான்.

இதையெல்லாம் விடப் படங்கள் சொல்லாமல் விடும் காரணம் ஒன்று உண்டு: பணம். வீரர்களின் சேமிப்பு அந்தச் சின்னங்களின் காவலில்தான் வைக்கப்பட்டது. கோட்டையின் நடுவே தலைமையகம், அதன் பின்பக்க நடு அறையில் சின்னங்கள் நிற்கும் கோயில், பல கோட்டைகளில் அதன் தரைக்கு அடியிலேயே நிலவறைக் கருவூலம். வட இங்கிலாந்தில் ஹேட்ரியன் சுவரையொட்டிய செஸ்டர்ஸ் துணைப்படைக் கோட்டையில் அந்த நிலவறையை இன்றும் பார்க்கலாம். கணக்கு எழுதுபவர்களும் கம்பம் தாங்கிகளே. தன் காசு எங்கே இருக்கிறதோ அந்தச் சின்னத்தை விட்டுவிட்டு எவனும் ஓடமாட்டான், களத்தில் அதற்காக இன்னும் வெறியோடு சண்டை போடுவான் என்று வெஜீஷியஸ் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்.

தொகையும் சின்னதில்லை. முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ஒரு வீரனின் ஆண்டுச் சம்பளம் 225 டெனாரியஸ், அதாவது 900 செஸ்டெர்ஸ். கி.பி. 89இல் மைன்ஸ் முகாமில் ஆளுநர் சடர்னினஸ் கலகம் செய்தார். ஒரே முகாமில் இருந்த இரண்டு லீஜியன்களின் சேமிப்புப் பணம்தான் அவருக்குத் துணிச்சல் கொடுத்தது என்று எண்ணிய மன்னர் டொமிஷியன், இனி ஒருவர் 1,000 செஸ்டெர்ஸுக்கு மேல் போட்டுவைக்கக் கூடாது என்று வரம்பு கட்டினார். மன்னரே பயப்படும் அளவுக்குப் பணம் கழுகின் காலடியில் கிடந்திருக்கிறது.

களத்தில் இது எப்படி வேலை செய்தது என்பதற்கு கி.மு. 55ஐப் பார்க்கலாம். சீசரின் கப்பல்கள் பிரிட்டன் கரையை நெருங்கிவிட்டன, ஆனால் ஆழம் அதிகம். கரையில் எதிரிகள் நிற்க, கவசத்தோடு தண்ணீரில் குதிக்க வீரர்கள் தயங்கினார்கள். பத்தாம் லீஜியனின் கழுகு தாங்கி, கழுகை எதிரியிடம் விட்டுவிட உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் குதியுங்கள் என்று கத்திவிட்டுத் தான் முதலில் குதித்து எதிரியை நோக்கி நடந்தான். பின்னால் மொத்தக் கப்பலும் குதித்தது. கழுகைப் பாதுகாப்பான இடத்தில் பூட்டிவைப்பது அதன் பயன் இல்லை. ஆபத்துக்குள் கொண்டுபோனால்தான் படை பின்னால் வரும். தொலைந்துபோகும் வாய்ப்பும் அதனால்தான் எப்போதும் இருந்தது.

தொலைந்தபோது என்ன நடந்தது

கழுகை இழந்த லீஜியனைக் கலைத்துவிடுவார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. ஐந்தாம் லீஜியன் கி.மு. 17–16 வாக்கில் லோலியஸின் தலைமையில் ஜெர்மானியரிடம் கழுகைப் பறிகொடுத்தது, அதன் பிறகும் பல பத்தாண்டுகள் பணியில் இருந்தது. பன்னிரண்டாம் லீஜியன் கி.பி. 66இல் யூதேயாவில் தோற்றுக் கழுகை இழந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஜெருசலேம் முற்றுகையில் அதே லீஜியன் பழிதீர்க்கும் வேகத்தோடு நின்றது. போர் முடிந்ததும் தளபதி டைட்டஸ் அதைப் பழைய சிரியா முகாமுக்கு அனுப்பாமல், தொலைவில் யூஃப்ரடீஸ் பக்கம் மெலிட்டீனுக்கு மாற்றிவிட்டார், பழைய தோல்வியை நினைவில் வைத்து. தண்டனை என்று பார்த்தால் ஓர் இடமாற்றம்.

டியூட்டோபர்க் காட்டில் நடந்தது வேறு ரகம். கி.பி. 9இல் குவின்டீலியஸ் வாரஸ் நடத்திச் சென்ற 17, 18, 19ஆம் லீஜியன்களை, ரோமப் படையிலேயே பணியாற்றிய ஜெர்மானியன் அர்மினியஸ் குறுகிய காட்டுப்பாதையில் வைத்து மடக்கினான். வாரஸ் தன் வாளால் தன்னையே குத்திக்கொண்டு இறந்தார். அந்த மூன்று எண்களையும் ரோம் அதன்பின் எந்தப் படைக்கும் சூட்டவில்லை. உயிரோடு சிறைப்பட்டவர்கள் சிலரை உறவினர்கள் பணம் கொடுத்து மீட்டார்கள். அரசு அதற்கு அனுமதி கொடுத்தது, ஆனால் அவர்கள் இத்தாலிக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. படையின் அவமானத்தைத் தனிமனிதன் சுமந்தது இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது: மகனை மீட்கலாம், வீட்டுக்கு அழைத்துவர முடியாது.

கழுகுகள் எப்படித் திரும்பி வந்தன

ஒரு மகனும் ஓர் அடிமையும் போய் மீட்டதாக ஒரு பதிவும் இல்லை. நடந்தவை இரண்டே வழிகள்: பேரம் அல்லது படையெடுப்பு.

பேரத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு பார்த்தியா, ரோமுக்குக் கிழக்கே ஈரான் பக்கம் இருந்த பேரரசு. கி.மு. 53இல் கார்ரேயில் ரோமத் தளபதி கிராசஸின் படை பார்த்தியரின் குதிரை வில்லாளிகளிடம் சிதறியது. கிராசஸின் மகன் பப்ளியஸ் அன்றே இறந்தான். அவன் தலையை ஈட்டியில் குத்தி அப்பாவின் கண்முன் காட்டினார்கள். கழுகுகள் பார்த்திய அரசனிடம் போயின. அவை திரும்ப 33 ஆண்டுகள் ஆயின. இடையில் பார்த்திய மன்னர் நான்காம் ஃப்ராட்டீஸின் மகன் ஒருவன் கடத்தப்பட்டு ரோமர் கைக்கு வந்திருந்தான். அகஸ்டஸ் அவனைத் திருப்பி அனுப்பினார், சிறைப்பட்டவர்களையும் சின்னங்களையும் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. கி.மு. 20இல், படையைக் காட்டி மிரட்டிய பிறகு, சின்னங்கள் வந்து சேர்ந்தன. ஒரு சொட்டு இரத்தம் சிந்தாத இந்த ஏற்பாட்டை அகஸ்டஸ் பெரும் போர் வெற்றியாகவே விளம்பரம் செய்தார். காசு அடித்தார். பிரிமா போர்ட்டாவில் கிடைத்த அவருடைய புகழ்பெற்ற சிலையின் மார்புக்கவசத்தில், பார்த்தியன் ஒருவன் கழுகுச் சின்னத்தை ஒப்படைக்கும் காட்சிதான் நடுநாயகம். கி.மு. 2இல் பழிவாங்கும் மார்ஸ் தெய்வத்தின் கோயில் திறக்கப்பட்டதும் சின்னங்கள் அதன் கருவறைக்குப் போயின.

வாரஸின் கழுகுகளுக்குப் படையெடுப்பு தேவைப்பட்டது. கி.பி. 15இல் ரோமத் தளபதி ஜெர்மானிக்கஸ் படையோடு ரைனைக் கடந்தார். அவருடைய தளபதி ஸ்டெர்ட்டீனியஸ், புருக்டெரி இனத்தாரைத் தாக்கியபோது கொள்ளைப் பொருட்களுக்கு நடுவே 19ஆம் லீஜியனின் கழுகைக் கண்டெடுத்தார். மறு ஆண்டு மார்சி இனத் தலைவன் மல்லோவெண்டஸ் சரணடைந்து ஒரு தகவல் சொன்னான்: இன்னொரு கழுகு பக்கத்துத் தோப்பில் புதைக்கப்பட்டிருக்கிறது, காவல் குறைவு. உடனே ஒரு பிரிவு முன்பக்கமாகப் போய் எதிரியை இழுத்துப் பிடித்தது, இன்னொரு பிரிவு பின்பக்கமாகச் சுற்றிப்போய் மண்ணைத் தோண்டியது. இரண்டு பிரிவுக்கும் வேலை முடிந்தது. அந்த ஆண்டின் இறுதியில் ரோமில் சனிக்கடவுள் கோயிலுக்குப் பக்கத்தில் இதற்காக ஒரு வளைவு எழுப்பினார்கள். மூன்றாவது கழுகு கி.பி. 41இல், கிளாடியஸ் ஆட்சியில், வடகடலோரச் சௌக்கி இனத்தாரிடமிருந்து பப்ளியஸ் கபீனியஸ் என்ற தளபதியின் கைக்கு வந்தது என்கிறார் டியோ. போன கழுகைத் தேடி ரோம் 32 ஆண்டு கணக்கு வைத்திருந்தது.

அப்பாவின் பெயரும் மகனின் தலையும்

இப்போது குடும்பம். ரோமில் உயர்குடி வீட்டுக்குள் நுழைந்தால் முன்கூடத்தில் மர அலமாரிகள் இருக்கும். அவற்றுக்குள் முன்னோர்களின் மெழுகு முகங்கள். உயர் அரசுப் பதவி வகித்தவருக்கு மட்டும்தான் அந்த முகம் உண்டு. வீட்டில் சாவு விழுந்தால், உயரமும் நடையும் ஒத்துவரும் ஆட்கள் அந்த முகங்களை அணிந்து, அவரவர் வகித்த பதவிக்குரிய உடையில் தேரேறி ஊர்வலத்தில் வருவார்கள், சந்தைச் சதுக்கத்தில் வரிசையாகத் தந்த நாற்காலிகளில் உட்காருவார்கள். மகன் எழுந்து, இறந்தவரின் பெருமையையும் அங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு முன்னோரின் சாதனையையும் சொல்லுவான். குடும்ப மானம் என்பது இந்த வரிசைதான். அதில் ஓர் இருக்கை காலியாகிவிடக் கூடாது.

அரசு ஒருவரைத் தண்டிக்க நினைத்தால் கை வைக்கும் இடமும் அதுவே. கழுகுகளை மீட்ட அதே ஜெர்மானிக்கஸ் கி.பி. 19இல் சிரியாவில் இறந்தபோது, ஆளுநர் பைசோ விஷம் வைத்ததாகக் குற்றம்சாட்டப்பட்டார். பைசோ வழக்கு முடிவதற்குள் இறந்துவிட்டார். கி.பி. 20இல் செனட் போட்ட தீர்மானத்தின் வெண்கலப் படிகள் தென் ஸ்பெயினில் கிடைத்திருக்கின்றன. பைசோவின் சிலைகளை அகற்ற வேண்டும், வீட்டுப் பெண்கள் துக்கம் காக்கக் கூடாது, அவருடைய மெழுகு முகம் இனி எந்தக் குடும்ப ஊர்வலத்திலும் வரக் கூடாது, அப்பாவின் பெயரைத் தாங்கிய மூத்த மகன் கினேயஸ் தன் முற்பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். மகன் லூசியஸ் ஆனார். ஏழே ஆண்டுகளில், கி.பி. 27இல், அந்த லூசியஸ் கான்சலாகவும் ஆனார். குடும்பப் பழியிலிருந்து மீளும் ரோமானிய வழி இதுதான்: சொன்னதைக் கேள், பதவி ஏறு.

வாரஸின் வீட்டைப் பார்த்தால் இன்னும் வியப்பு. மூன்று கழுகுகளைத் தொலைத்த அந்த மனிதரின் பெயரைச் செனட் அழிக்கவில்லை. அர்மினியஸ் வாரஸின் தலையை வெட்டி மார்கோமன்னி அரசன் மரோபோடுவஸுக்கு அனுப்பினான். அவன் அதை அகஸ்டஸுக்கு அனுப்பினான். அகஸ்டஸ் மனமுடைந்து கதவில் தலையை மோதிக்கொண்டு லீஜியன்களைத் திருப்பிக் கொடு என்று கத்தினார் என்று சூட்டோனியஸ் சொல்வது உண்மையாக இருக்கலாம், ஆனால் வாரஸின் தலை குடும்பக் கல்லறையில் மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது.

சட்டம் விட்டுவிட்டாலும் ஊர் வாய் விடுமா? வாரஸின் மகன் பேச்சுக்கலைப் பள்ளியில் பயின்றுகொண்டிருந்தான், இன்னும் சிறுவர் உடை மாறாத வயது. ஜெர்மானிக்கஸின் மருமகன் என்ற உறவும் இருந்தது. ஒருநாள் வகுப்பில் அவன் சரியாகப் பேசவில்லை. ஆசிரியர் செஸ்டியஸ், இதே அசட்டையால்தான் உன் அப்பா படையைத் தொலைத்தார் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். மூத்த செனிகா இதைப் பதிவு செய்து, மகனைத் திருத்தப் போய் அப்பாவைத் திட்டிவிட்டார் என்று முகம் சுளிக்கிறார். படங்களில் நாயகனைச் சக அதிகாரிகள் ஏளனம் செய்யும் காட்சிக்கு நிஜத்தில் இதைவிட நெருக்கமான சான்று கிடைக்காது. ஆனால் அந்தப் பையன் காட்டுக்குள் போய்க் கழுகைத் தேடவில்லை. போனவர் மாமனார், எட்டு லீஜியன்களோடு. பின்னால் கி.பி. 27இல் இளைய வாரஸ் மீது வழக்கு வந்தபோதும் காரணம் கழுகு இல்லை. அவருடைய சொத்தும், ஜெர்மானிக்கஸ் குடும்பத்தோடு இருந்த உறவும்தான்.

உயர்குடிக்குக் கீழே இருந்த குடும்பங்களுக்கு மெழுகு முகம் கிடையாது. அவர்களுக்குக் கல். ஜெர்மனியின் பான் நகர அருங்காட்சியகத்தில் மார்க்கஸ் கேலியஸின் நினைவுக்கல்லின் முன் கொஞ்ச நேரம் நின்றால் எல்லாம் விளங்கும். இத்தாலியின் பொலோனியா ஊர்க்காரர், 18ஆம் லீஜியனின் செஞ்சூரியன், வயது ஐம்பத்து மூன்றரை, வாரஸின் போரில் விழுந்தார் என்கிறது எழுத்து. தலையில், சக குடிமகனின் உயிரைக் காத்தவருக்குத் தரும் கருவாலி இலைக் கிரீடம். மார்பில் வட்டப் பதக்கங்கள், தோளருகே கழுத்து வளையங்கள், மணிக்கட்டில் காப்புகள், கையில் வீரர்களை அடிக்கும் திராட்சைக்கொடிப் பிரம்பு. இருபக்கமும் அவர் விடுதலை செய்த இரண்டு அடிமைகள், பிரிவாட்டஸ், தியாமினஸ். எழுத்தில் ஒரு வரி, எலும்புகளை இங்கே வைக்கலாம் என்கிறது. அது கேலியஸின் எலும்பா, அந்த இருவரின் எலும்பா என்று ஆய்வாளர்களிடையே இரண்டு கருத்து உண்டு. கல்லை வைத்தவர் அவருடைய சகோதரர் பப்ளியஸ். தோல்வியைக் கல் மறைக்கவில்லை, போரின் பெயரையே எழுதியிருக்கிறது. அதே சமயம் ஒரு பதக்கத்தையும் விடவில்லை. படை தோற்றது, என் சகோதரன் தோற்கவில்லை என்று சொல்ல ஒரு குடும்பத்தால் முடிந்தது அவ்வளவுதான்.

எலும்புகளை அரசு ஒருமுறை கவனித்தது. கி.பி. 15இல் ஜெர்மானிக்கஸ் அந்தக் காட்டுக்குப் போனபோது, ஆறு ஆண்டுகளாக வெளுத்துக் கிடந்த எலும்புகளை வீரர்கள் பொறுக்கிப் புதைத்தார்கள். அந்நியனுடையதா, தன் வீட்டான் உடையதா என்று யாருக்கும் தெரியாது, எல்லாரையும் இரத்த உறவாகவே எண்ணிப் புதைத்தார்கள் என்கிறார் டாசிட்டஸ். ஜெர்மானிக்கஸ் முதல் மண்கட்டியை வைத்தது அப்போதைய மன்னர் டைபீரியஸுக்குப் பிடிக்கவில்லை. குறி பார்க்கும் புனிதப் பதவியில் இருப்பவர் பிணக்காரியத்தில் கை வைக்கலாமா என்பது ஆட்சேபம்.

ஒன்பதாம் லீஜியன் விவகாரம்

தொலைந்த படையைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் ஒன்பதாம் லீஜியனை வைத்தே புனையப்படுகின்றன, எனவே அதன் உண்மை நிலவரம். கி.பி. 43இல் கிளாடியஸ் பிரிட்டன்மீது படையெடுத்த காலத்திலிருந்து அது அந்தத் தீவில் இருந்தது. கி.பி. 60–61இல் பூடிக்கா அரசியின் எழுச்சியில் அதன் காலாட்படை நொறுக்கப்பட்டது. தளபதி கெரியாலிஸ் குதிரைப்படையோடு தப்பினார், பின்னர் ஜெர்மனியிலிருந்து 2,000 வீரர்களைக் கொண்டுவந்து இடைவெளியை நிரப்பினார்கள். பிரிட்டனில் அதன் பெயரைக் கடைசியாகத் தேதியோடு சொல்வது யார்க் நகரில் கிடைத்த, டிராஜன் காலக் கல்வெட்டு. ஆண்டு கி.பி. 107–108.

அதன் பிறகு அது வடக்கே ஸ்காட்லாந்துப் பக்கம் போய் மொத்தமாக அழிந்தது என்பது பழைய ஊகம். நெதர்லாந்தின் நைமேகனில் ஒன்பதாம் லீஜியனின் முத்திரை குத்திய ஓடுகள் கிடைத்தது இந்த ஊகத்தை ஆட்டிவிட்டது. குறைந்தது அதன் ஒரு பகுதியாவது கடல் தாண்டி வந்திருக்கிறது. அதில் பணியாற்றிய சில அதிகாரிகளின் பதவி வரலாறும் கி.பி. 120கள் வரை படை உயிரோடு இருந்ததைக் காட்டுகிறது. பின்னர் வந்த மன்னர் மார்க்கஸ் ஆரேலியஸ் காலத்தில் லீஜியன்களின் பெயர்களை வரிசையாகப் பொறித்த தூண் ரோமில் இருக்கிறது, அதில் ஒன்பது இல்லை. இடையில் எங்கே போனது? பிரிட்டனிலேயே ஹேட்ரியன் காலத்துச் சண்டையில், 132–135 யூத எழுச்சியில், 161இல் ஆர்மீனியாவில் பார்த்தியரிடம் என்று மூன்று பதில்கள் சொல்கிறார்கள். கழுகு எதிரியிடம் சிக்கியது என்று ஒரு பழைய நூலிலும் இல்லை. கழுகை ஸ்காட்லாந்துப் பழங்குடியின் குகையில் வைப்பது முழுக்கத் திரைக்கதையாசிரியரின் சொத்து.

இந்தக் கதைகளுக்கு விதையாக ஒரு பொருளும் இருக்கிறது. 1866இல் தென் இங்கிலாந்தின் சில்செஸ்டரில், ரோம நகரின் பொதுமண்டப இடிபாட்டில், இறக்கைகள் போன ஒரு வெண்கலக் கழுகு கிடைத்தது. அகழ்ந்தெடுத்த பாதிரியார் ஜாய்ஸ் அதை ஒரு லீஜியனின் கழுகு என்றே நம்பினார். இப்போது ரெடிங் அருங்காட்சியகத்தில் இருக்கும் அதன் கால்கள் ஓர் உருண்டையைப் பற்றியிருந்த மாதிரி வளைந்திருக்கின்றன. எனவே அது ஜூப்பிட்டர் அல்லது ஒரு மன்னரின் சிலையோடு சேர்ந்த பகுதி என்பதுதான் இன்றைய கருத்து. தவிர, லீஜியனின் கழுகு வெள்ளி அல்லது பொன் என்று மேலே பார்த்தோம். இது வெண்கலம்.